ஃபிரிட்ஜ் கதவில் நிக்கோல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஃபிரிட்ஜ் கதவில் கிடைத்தது. எங்கள் ஊர் ஆஸ்டின் டவுனில் மாடி வீடு ஒன்று வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். வீடு பிடிக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்ததால் கீழ்வீட்டில் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்த அம்மாள் ஃபிரிட்ஜைச் சாத்தியபோது அதன் கதவில் காந்த வில்லை வைத்து ஒட்டியிருந்த ஒரு அட்டையைப் பார்த்தேன். அப்பா, அம்மா, முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை, பின்னால் பனைமரங்கள். கீழே கம்போடியா என்று எழுதியிருந்தது. பேத்தியா என்று கேட்டேன்.

"இல்லீங்க, எங்க நிக்கோல். நான் நேர்ல பாத்ததில்ல" என்றார்.

அவ்வளவுதான். நேரில் பார்த்திராத குழந்தையை 'எங்க' என்று சொல்ல ஒருவருக்கு எப்படி வாய் வருகிறது? வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இனி வருவது எல்லாம் என் கைச்சரக்கு. அந்த அம்மாளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வனஜா என்று வைத்திருக்கிறேன்.*

(* நேரில் பார்த்தவரை 'அவர்' என்றுதான் எழுதினேன். கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்'. கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[கர்த்தருடைய அளவற்ற கிருபையினாலே சகோதரி வனஜா தன்னுடைய இளம்பிராயத்திலேயே]

இது சாட்சிக் கூட்டத்தில் வாசிக்க நன்றாக இருக்கும். விட்டுவிட்டேன். அடுத்தது:

[ஏமாற்றப்பட்டதே தெரியாமல் ஏமாந்துகொண்டிருந்த ஒரு நடுத்தர வர்க்கத்துப் பெண்ணின்]

இதை இன்னும் சீக்கிரமே விட்டுவிட்டேன். அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து அவரையே ஏமாளி ஆக்குவது எனக்கே அசிங்கமாக இருந்தது. நான் ஜெபம் செய்கிற ஆள் இல்லை. ஆனால் ஜெபிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அங்கே என்ன பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கச் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு. அதனால் சாதாரணமாகவே தொடங்குகிறேன்.

வனஜா விவேக் நகரில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் வேலை பார்க்கிறாள். நோயாளியின் பெயரைக் கேட்டு, உட்கார வைத்து, உள்ளே அனுப்புவது அவள் வேலை. கல்லூரியில் படிக்கும்போது ஒரு மிஷனரிக் கூட்டத்தில், தூரதேசங்களுக்கு ஊழியம் செய்யப் போக விரும்புகிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார்கள். எழுந்து நின்றாள். நின்றதோடு சரி. அலெக்சாண்டரைக் கட்டிக்கொண்டாள், மாமியார் படுக்கையில் விழுந்தார், பிள்ளைகள் படித்தார்கள். பாஸ்போர்ட்கூட எடுக்கவில்லை. ஆனாலும் எழுந்து நின்றதை அவள் மறக்கவில்லை. கடவுளிடம் ஒரு சொல் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டோமே என்ற உறுத்தல் அவளுக்கு இருந்துகொண்டே இருந்தது.

அவளுடைய சபையில் பெண்கள் ஜெபக்குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுவருஷத்தன்று பழைய பிஸ்கெட் டின் ஒன்றைச் சுற்றி அனுப்புவார்கள். உள்ளே மிஷனரிக் குடும்பங்களின் படம் போட்ட அட்டைகள் இருக்கும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தவர் அந்த வருஷம் முழுவதும் அந்தக் குடும்பத்தை ஜெபத்தில் தாங்க வேண்டும். அட்டையின் பின்னால் ஜெபக்குறிப்புகள் இருக்கும். அட்டையை எடுத்தவருக்கு மட்டும் அவ்வப்போது புதுக்குறிப்புகளும் வரும். வருஷம் முடிந்ததும் அட்டை டின்னுக்குத் திரும்ப வேண்டும்.

வனஜா நிக்கோலின் அட்டையைத் திருப்பிப் போடவில்லை. வீடு மாற்றியதில் எங்கேயோ தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

(ஜெபக்குழுவில் பொய் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். வருஷாவருஷம் வேறு அட்டையையும் எடுத்து, அந்தக் குடும்பத்துக்காகவும் ஒழுங்காக ஜெபித்தாள். நிக்கோல் அதற்கு மேல்.)

காரணம், பின்பக்கத்தில் இருந்த ஒரு வரி. 'மகள் நிக்கோல் இருட்டுக்கு மிகவும் பயப்படுகிறாள். பயம் நீங்க ஜெபிக்கவும்.' மற்ற வரிகளில் கிராமங்களும் ஆத்துமாக்களும் இருந்தன. இந்த வரியில்தான் ஒரு குழந்தை இருந்தது. அதன்பின் ஒவ்வொரு காலையும் பால் பாக்கெட்டை எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்குமுன் வனஜா அந்தப் படத்தின் மேல் கைவைத்து, ஆண்டவரே, நிக்கோல் பயப்படாமல் தூங்கட்டும் என்று சொல்வாள். அந்தப் பெண்ணுக்கு இந்நேரம் கல்யாணமே ஆகியிருக்கும் என்று அலெக்சாண்டர் கிண்டல் செய்வான். ஆகியிருக்கலாம். ஃபிரிட்ஜ் கதவில் அவளுக்கு இன்னும் முன்பல் முளைக்கவில்லை.

3

இங்கே எனக்கு வனஜாமேல் சந்தேகம் வந்துவிட்டது. எதிர்வீட்டுக் குழந்தைகளின் பெயர் தெரியுமா இவளுக்கு? கம்போடியாக் குழந்தையின் பயத்தைச் சுமப்பது சுலபம். அது நடுராத்திரி அழுதால் எழுந்து போக வேண்டியதில்லையே. இதை அவளிடமே கேட்கலாம் என்று ஒரு காட்சி எழுதினேன்.

[வனஜா பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை காலமும் நான் யாரிடம்தான்]

முடிக்க முடியவில்லை. இந்தக் கேள்வி அவளுக்கும் வந்துபோயிருக்கிறது, அதுவும் என்னைவிட அதிகத் தடவை என்பது பாதி வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. தன் ஜெபம் போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தூரதேசத்துக்கு என்று அவள் செய்தது இது ஒன்றுதான். இதுவும் வெறும் காற்றோடு பேசியதுதான் என்றால், அன்று கூட்டத்தில் அவள் எழுந்து நின்றதற்கே அர்த்தமில்லை.

4

ஒரு கதைக்கு ஒரு தற்செயலுக்கு மேல் கொடுத்தால் வாசகர் எழுந்து போய்விடுவார். என் பங்கை இங்கே செலவழிக்கிறேன். (வனஜா இதைத் தற்செயல் என்று ஒத்துக்கொள்ள மாட்டாள்.)

ஒரு சனிக்கிழமை, கடைவாய்ப் பல் வலியென்று கன்னத்தைப் பிடித்தபடி ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தாள். பெயர் கேட்டதற்கு நிக்கோல் உத்தமன் என்றாள். வனஜாவின் கை நின்றுவிட்டது. உத்தமன் என்பது அட்டையில் இருந்த தகப்பனின் பெயர். கம்போடியாவா என்று கேட்டாள். ஆமாம், திரும்பி வந்து பல வருஷம் ஆகிறது, இப்போது இங்கே பக்கத்திலேயே ஒரு பி.ஜி. விடுதியில் தங்கி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறேன் என்று அந்தப் பெண் ஆச்சரியத்தோடு சொன்னாள். வனஜாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"உனக்காக தினமும் ஜெபம் பண்றேம்மா. உன் இருட்டு பயம் போகணும்னு."

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். நிக்கோலின் முகம் சட்டென்று இறுகிவிட்டது. அந்த அட்டை இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். விலாசத்தை வாங்கிக்கொண்டாள்.

"சாயங்காலம் வரேன் ஆன்ட்டி. அது எனக்கு வேணும்."

5

சாயங்காலம் வந்தாள். அலெக்சாண்டர் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, காரா பன் வாங்கி வருவதாகப் பேக்கரிக்குப் போனான். இந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது என்று எழுதினேன், பிறகு எடுத்துவிட்டேன். ஆஸ்டின் டவுனில் கரண்ட் போவதை எல்லாரும் நம்புவார்கள். இந்தக் கதையில் போனால் யாரும் நம்பமாட்டார்கள். விளக்கு எரியட்டும்.

நிக்கோல் ஃபிரிட்ஜின் முன்னால் நின்று தன் பொக்கை வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலே பேசினாள்.

"அப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன் ஆன்ட்டி. அவர் அத குறிப்புல எழுதிட்டாரு. லீவுக்கு இந்தியா வந்தா, போற சர்ச்சுல எல்லாம் தெரியாதவங்க கன்னத்தக் கிள்ளி, இன்னும் இருட்டு பயமான்னு கேப்பாங்க. அதனால போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். அதையும் பிரிண்ட் பண்ணாங்க. ஜெபம் பலிச்சிடுச்சாம், ஸ்தோத்திரக் குறிப்புன்னு."

"போகலியா?"

"போகல. சொல்றத நிறுத்திட்டேன். எதையுமே."

இன்றைக்கும் பாத்ரூம் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் தூங்குகிறாள், அதற்காக அறைத்தோழியிடம் தினமும் திட்டு வாங்குகிறாள். இதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள்.

வனஜாவுக்குக் காலையில் கிளினிக்கில் தான் சொன்னது ஞாபகம் வந்தது. கன்னத்தைக் கிள்ளியவர்களுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

இதற்குப் பிறகு வருவதை நான் திட்டமிடவில்லை. எழுதி வந்தபோது கண்ணில் பட்டது. பயம் போய்விட்டது என்ற செய்தி மற்ற சபைகளுக்கெல்லாம் போயிருக்கிறது. எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்கு நகர்ந்திருக்கிறார்கள். ஒழுங்காக அட்டையைத் திருப்பிப் போட்ட அத்தனை பேருக்கும் பொய் போய்ச் சேர்ந்திருக்கிறது. அட்டையைப் பதுக்கியதால் புதுக்குறிப்பு வராமல் போன ஒருத்தி மட்டும், உண்மையாகவே இருந்த பயத்துக்காக ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதற்கு என்ன பெயர் வைப்பது? வனஜா ஒன்று சொல்வாள், நிக்கோல் வேறொன்று சொல்வாள். எனக்குத் தெரியவில்லை, தெரியாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

6

முடிவுகள்.

ஒன்று: நிக்கோல் தேம்பி அழுகிறாள், இருவரும் முழங்காலில் நிற்கிறார்கள். எழுதிப் பார்த்தேன். நிக்கோல் முழங்காலை மடக்க மறுத்துவிட்டாள்.

இரண்டு: அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறாள். இதுவும் ஆகவில்லை. படத்தில் அவளுடைய அம்மா அவ்வளவு சின்னப் பெண்ணாக இருக்கிறாள்.

மூன்றாவதை நான் எழுதவில்லை, வனஜாவே எழுந்துபோய்ச் செய்துவிட்டாள். காந்த வில்லையை எடுத்தாள். அட்டையை முந்தானையால் துடைத்து நிக்கோலின் கையில் கொடுத்தாள்.

"இது உன்னுதும்மா. இத்தன வருஷம் உன்னக் கேக்காமயே பண்ணிட்டேன். கேக்கணும்னு தோணவே இல்ல. இனிமே பண்ணட்டுமா, வேணாமா? நீ என்ன சொன்னாலும் சரி. யார்கிட்டயும் சொல்லமாட்டேன், ஜெபக்குழுலகூட."

அந்தப் பயத்தைப் பற்றி நிக்கோலிடம் அனுமதி கேட்ட முதல் ஆள் இவள்தான். வேண்டாம் என்று அவள் சொன்னால், நாளைக் காலை பால் பாக்கெட்டை எடுக்க வரும்போது வனஜா கையை எங்கே வைப்பாள் என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்தேதான் கேட்டாள்.

நிக்கோல் அட்டையைப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் கதவில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்ததைப் பார்த்தாள். பிறகு பதில் சொன்னாள்.

எனக்குக் கேட்டது. ஆனால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வனஜா வாக்குக் கொடுத்திருக்கிறாள், அவளுக்குப் பின்னால் நின்று கேட்டவன் நான். கற்பனைப் பெண்தானே என்பீர்கள். இருக்கட்டும். இருட்டு விஷயத்தை மட்டும் எழுதினாயே என்றும் கேட்பீர்கள். நியாயம்தான், அதனால்தான் பெயரை மாற்றியிருக்கிறேன். அந்த ஃபிரிட்ஜ் கதவில் இருந்த பெயர் நிக்கோல் இல்லை.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். அது உங்களோடு இருக்கட்டும். அவள் நம்பிச் சொன்னதை ஒருமுறை அச்சில் போட்டாகிவிட்டது. இன்னொரு முறை போடமாட்டேன்.