முதல் பாதி மட்டும் படித்தவன்

கேலப் டாக்டருக்குப் படிக்கவில்லை. மலேசியாவின் புஞ்சாக் ஆலாமில் ஒரு தனியார் கல்லூரியில் மருத்துவ ஆய்வகப் படிப்பு படித்தான். பிறருடைய ரத்தத்தையும் சிறுநீரையும் குப்பியில் வாங்கிச் சோதித்து, முடிவை டாக்டருக்கு அனுப்பிவைக்கும் வேலைக்கான படிப்பு அது. கோலசிலாங்கூருக்கு உள்ளே இருக்கும் அவர்களுடைய செம்பனை எண்ணெய்த் தோட்டத்து வீடுகளில் இந்த வேறுபாடு தெரிந்தவர்கள் அவனும் அப்பா காப்ரியலும் அம்மா மவுரீனும்தான்.

தவறு யாருடையது என்று சொல்வது கஷ்டம். சபையில் நன்றி சாட்சி சொன்ன அன்று காப்ரியல், "என் மகனுக்கு மெடிக்கல் படிப்பு கிடைச்சிருக்கு" என்றதோடு நின்றுவிட்டார். மேற்கொண்டு பேச முடியாமல் அழுதார். கூட்டமும் அழுதது. அழுதுகொண்டிருப்பவர்களிடம் போய்த் திருத்தம் சொல்வது நாகரிகம் இல்லை என்று கேலப் கருதினான். பிறகும் அப்படியே கருதிக்கொண்டிருந்தான்.

மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பங்களும் வந்து உட்காரும். கோவில் திருவிழாவுக்குச் சபைக்காரர்களும் போவார்கள். இரண்டு இடத்திலும் சாப்பிட மீஹூன், அரிசி நூடுல்ஸ், உண்டு. ஜெபம் முடிந்து மீஹூன் வருவதற்குள் கேலப்பிடம் நோயாளிகள் வரிசை கட்டுவார்கள். தண்ணி நிறைய குடிங்க, சீனியைக் குறைங்க, நல்லா தூங்குங்க என்பான். இந்த மருத்துவத்தால் யாரும் சாகவில்லை என்பது அவனுடைய தொழில் சாதனை.

போன மாதக் கூட்டத்தில்தான் காளியண்ணன் தன் வலது காலைக் காட்டினார். செம்பனைக் குலை வெட்டுகிறவர். நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ். பல வருஷமாக இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வேறு. கட்டைவிரலுக்குக் கீழே தோல் மஞ்சளாகத் தடித்துக் காய்த்திருந்தது.

"இது என்னா தம்பி, கல்லு மாதிரி?"

அந்த வாரம்தான் கேலப் நோயியல் பாடத்தில் ஓர் அத்தியாயத்தின் முதல் பாதியைப் படித்திருந்தான். உடம்பின் செல்லுக்கு நெருக்கடி வந்தால் அது தன்னை மாற்றிக்கொண்டு சமாளிக்கும். பாரம் கூடினால் பெருக்கும், வேலை இல்லாவிட்டால் சுருங்கும், உராய்ந்தால் தடிக்கும். இரண்டாம் பாதி குவிஸ்ஸுக்கு வரவில்லை. வராததை எதற்குப் படிப்பது?

"பூட்ஸ் அழுத்துது இல்ல அங்கிள், அதுக்கு ஏத்த மாதிரி தோல் தன்னை ஸ்ட்ராங் பண்ணிக்குது. அடாப்டேஷன். ஒடம்பு புத்திசாலி. ஒண்ணும் செய்ய வேணாம்."

"அப்ப நல்லதா?"

"ரொம்ப நல்லது."

தண்ணி, சீனி, தூக்கம் தவிர அவன் சொல்லிய முதல் மருத்துவம் அது. காளியண்ணன் மகிழ்ச்சியோடு மீஹூன் சாப்பிடப் போனார்.

இந்த மாதக் கூட்டம் காப்ரியல் வீட்டில். பாஸ்டர் புனிதன் ஆமென் சொல்லி முடித்ததும் காளியண்ணன் நொண்டாமல் நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி புஷ்பா. பூட்ஸைக் கழற்றியதும் முன்வரிசைப் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். கட்டைவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. தடித்த தோல் பிளந்து உள்ளே ஈரமாக இருந்தது. அதற்கு மேலே பாதம் சிவந்து வீங்கியிருந்தது.

"ஒடம்பு இன்னும் ஸ்ட்ராங் ஆயிட்டு இருக்கு போல தம்பி. வலியே இல்ல."

கேலப்புக்கு இப்போது இரண்டாம் பாதியும் தெரியும். பரீட்சைக்கு அது வந்திருந்தது. செல் சமாளிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் முதலில் வீங்கும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றினால் பிழைக்கும். விட்டால் சவ்வு கிழிந்து சாகும். செத்த திசு கறுக்கும், அழுகும், பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. இனிப்பு நீர் வலி சொல்லும் நரம்பையே முன்னதாகக் கொன்றிருந்தது. போன மாதம் அவன் பாராட்டிய அந்தக் காய்ப்புக்கு அடியில்தான் புண் ஆரம்பித்திருக்க வேண்டும்.

"அங்கிள், ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"எதுக்கு? நீதான் பாத்துட்டியே லா. அங்க போனா வெட்டுவான். பொடியன் ஒருத்தன் வந்து பாப்பான், அவனுக்கு என்னா தெரியும்? நீ நம்ம வீட்டு டாக்டர்."

"இல்ல அங்கிள். போன மாசம் நான் சொன்னது தப்பு."

"தப்பு வலிக்கும்ல? இது வலிக்கல."

புஷ்பா அவர் தோளைத் தொட்டாள். "நானும் ஒரு வாரமா சொல்றேன். டாக்டர் தம்பி நல்லதுன்னுச்சு, நீ சும்மா இருன்றாரு."

காப்ரியல் நிமிர்ந்து உட்கார்ந்து, மகன் சமாளிப்பான் என்ற முகத்தோடு சுற்றிலும் பார்த்தார். கேலப் எழுந்து நின்றான். காது சுட்டது.

"நான் டாக்டருக்குப் படிக்கல அங்கிள். லேப்புக்குப் படிக்கிறேன். ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. வைத்தியம் பாக்க எனக்குத் தெரியாது."

பாஸ்டர் புனிதன் மெல்லத் தலையசைத்தார்.

"இதத்தான் நான் வாலிபர் கூட்டத்துல சொன்னேன். தாழ்மை. இவ்வளவு படிச்சும் பெருமை இல்ல பாருங்க."

"பெரிய ஆளுங்க இப்படித்தான் பேசுவாங்க" என்றாள் ஒரு அம்மா. இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காளியண்ணன் பூட்ஸைத் திரும்பப் போட ஆரம்பித்தார்.

கேலப் இதுவரை பொய்யை நிலைநிறுத்த ஒரு துளி முயற்சியும் எடுத்ததில்லை. உண்மைக்கு இவ்வளவு பாடு படவேண்டியிருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கல்லூரி அட்டையை எடுத்துக் காட்டினான். அதில் இருந்த ஆங்கிலத்தில் மெடிக்கல் என்ற சொல் மட்டும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கடைசியில் அவன் சமையலறை வாசலைப் பார்த்தான். மவுரீன் மீஹூன் தட்டோடு நின்றிருந்தாள்.

"மா. நீங்களாச்சும் சொல்லுங்க."

மவுரீன் கணவனைப் பார்த்தாள். காப்ரியல் தரையைப் பார்த்தார். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அவன் சொல்றது நெசம்தான். டாக்டர் இல்ல. எங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்."

மீஹூனை யாரும் எடுக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் அது இதற்கு முன் நடந்ததே இல்லை. ஒரு பூட்ஸ் மாட்டிய காலோடு காளியண்ணன் கேலப்பை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை. கடையில் வாங்கி வந்த பொருளை வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்க்கிறவரின் பார்வை.

"அப்ப யாரு பாத்துச் சொன்னா எனக்கு?" என்றார்.

"யாரும் பாக்கல அங்கிள். காரு இருக்கு. வாங்க."

வழியில் புஷ்பா ஒருமுறை மட்டும், "கண்ணாடிய எறக்கு, நாத்தம் தாங்கல" என்றாள்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர் பாதத்தைச் சுற்றிச் சுற்றி அழுத்திப் பார்த்தார். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை, யாராவது காட்ட வேண்டாம் என்றார்களா என்று மலாயில் கேட்டார்.

"இல்ல டாக்டர். நானே சும்மா விட்டுட்டேன்" என்றார் காளியண்ணன், அதே மலாயில்.

கேலப் அந்தப் பொய்க்குப் பின்னால் அழகாக நின்றுகொள்ளலாம். அவனுக்குப் பழக்கமான இடம்தான்.

"நான்தான் சொன்னேன்" என்றான். "காய்ப்பு நல்லது, ஒண்ணும் செய்ய வேணாம்னு."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு?"

"பக்கத்து வீடு."

அவர் அதைக் கணினியில் தட்டிக்கொண்டு மேலே பேசினார். இரண்டு விரல் போகும். சிவந்து வீங்கிய பகுதிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. மருந்து ஏற்றிப் பார்க்கலாம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் முழங்கால்வரை வெட்டவேண்டி வந்திருக்கும்.

மறுநாள் காலை காளியண்ணனை அறுவைக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் புஷ்பாவும் கேலப்பும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கும். அவள் திட்டவில்லை.

"என்னாலதான் ஆண்ட்டி இவ்ளோ லேட்டாச்சு" என்று அவனே ஆரம்பித்தான்.

"தெரியும்."

"மன்னிச்சிருங்க."

"அத அவரு முழிச்ச பெறகு அவருகிட்ட சொல்லு. விரல் போன பெறகு குலை வெட்ட, வேல வாங்குற மண்டோர் விடமாட்டான். அதையும் அவருக்கு நீதான் சொல்ற."

கேலப்பின் கைப்பேசி அதிர்ந்தது. வகுப்பு தொடங்கியிருக்கும். அவன் கை சட்டைப்பைக்குப் போனது.

"எங்கேயும் போயிடாத" என்றாள் புஷ்பா, கதவைப் பார்த்தபடியே.

"இல்ல ஆண்ட்டி" என்றான். கையை மடியில் வைத்துக்கொண்டான்.