சைக்ளோனின் அடிவாய்

சீ, அந்த நாற்றத்தை நினைத்தாலே குமட்டுகிறது. பேசாலைக்கு வெளியே பீற்றர் முதலாளியின் மீன்மா ஆலை. அழுகிய மீனை உலர்த்தும் சூட்டுக்கு உமி எரிக்கிறோம். உலையைப் பார்ப்பவன் நான், பஸ்லான்.

உலையின் அடியில் மணல். கீழிருந்து காற்றை ஊதினால் மணல் கொதிக்கும் கஞ்சிபோலத் தளதளக்கும். அதில் விழும் உமி நொடியில் எரியும். சாம்பலோடு எழும் புகையைச் சைக்ளோன் என்ற கூம்புத் தொட்டி சுழற்றும். சாம்பல் சுவரோரம் ஒதுங்கிக் கீழே இறங்க, புகை மட்டும் நடுவால் ஏறிப் புகைபோக்கிக்குப் போகும். ஆனால் கூம்பின் அடிவாய் இறுக மூடியிருக்க வேண்டும். திறந்தால் புகைபோக்கி விசிறியின் இழுவையில் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து, இறங்கிய சாம்பலையும் தூக்கிக்கொண்டு போய்விடும்.

கூம்பு நிறைந்தால் உலையை நிறுத்தித்தான் சாம்பலை அள்ளலாம். அது முதலாளிக்குப் பிடிக்காது.

"சாக்கின்ர வாயைத் திறந்தாத்தானேடா கொட்டும்? நீ பெரிய இஞ்சினியரோ?" என்று, அடிவாய் திறந்தே நிற்க வலை மிதப்பு ஒன்றை மூடியிடுக்கில் செருகிவிட்டார்.

சாம்பல் முழுவதும் புகைபோக்கியால் பறந்து, வேலிக்கு அங்கால் ஜூலியட் அக்கா காயவைத்த கட்டா மீன் கருவாட்டில் விழுந்தது. அவர் தனி மனுசி, கருவாடுதான் சீவியம். வாங்க வந்த வியாபாரி ஒரு கருவாட்டை முகர்ந்து, காறித் துப்பிவிட்டு, இனி வரமாட்டேன் என்று போய்விட்டான். அக்கா சுற்றாடல் அதிகாரியிடம் முறைப்பாடு செய்தார்.

அதிகாரி வந்த காலையில் முதலாளியே மிதப்பைப் பிடுங்கி அடிவாயை மூடினார். "வாயைத் திறந்தியோ, உன்ர இடத்துக்கு நாலு பேர் நிக்கிறாங்கள்."

புகைபோக்கி சுத்தமாக இருந்தது. "எப்பவும் இப்பிடித்தானோ?" அதிகாரி என்னைக் கேட்டார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் சேர்," என்றேன். த்தூ! இதுவும் ஒரு நாக்கா?

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். அக்கா மண்ணள்ளித் தூற்றுவார் என்று நினைத்தேன். நேரே தன் அடுப்படிக்குப் போனார்.

பின்னேரம் ஆலை வாசலுக்கு வந்தார். "தம்பி, ஒரு அலவாங்கு தாங்கோ."

"எதுக்கக்கா?"

"நீங்கள் பொய் சொல்லமாட்டியள். அப்ப என்ர அடுப்புச் சாம்பல்தான் பறந்திருக்கு. அடுப்பை இடிச்சுப்போட்டு அங்கால கட்டப்போறன். வீணா உங்களில பழி போட்டிட்டன், குறை நினையாதேங்கோ."

அலவாங்கை எடுத்துக் கொடுத்தேன்.