மேவிஸை உள்ளே இழுத்துப் போட்டார்கள்

ஸ்கார்பெக் என்ற சிற்றூரில் பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு பொதுக் கழிப்பறை இருந்தது. குழாய் உடைந்ததைச் சாக்காக வைத்து ஊர் கவுன்சில் அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டது. கடைசி நிறுத்தம்வரை ஓட்டிவந்து, ஒதுங்க இடமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போவது எப்படியிருக்கும் என்று மேவிஸ் த்ரெல்ஃபாலுக்குத் தெரியும். ஓய்வுபெறும்வரை அந்தத் தடத்தில் பஸ் ஓட்டியவள் அவள்.

கவுன்சில் கூட்டங்களில் பொதுமக்கள் பேசுவதற்கென்று சிறிது நேரம் ஒதுக்குவார்கள். மேவிஸ் தவறாமல் எழுந்து நிற்பாள்.

"பூட்டை எப்பங்க கழட்டப் போறீங்க?"

பின்வரிசையிலிருந்து பப் நடத்தும் கெய்த்தும் தபால்காரி டோரீனும் மேசையைத் தட்டுவார்கள். தலைவர் ராலண்ட் பிக்கர்ஸ்கில் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அந்த வசந்தத்தில் கவுன்சிலில் ஓர் இடம் காலியானது. போட்டியிட யாரும் முன்வரவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் இருக்கிற உறுப்பினர்களே கைதூக்கி ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு அங்கே 'கோ-ஆப்ட்' பண்ணுவது என்று பெயர். ராலண்ட் தானே மேவிஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பாட்டில் பிளம் ஜாம்.

"உங்களை மாதிரி துடிப்பான ஆளுங்க உள்ள இருக்கணும் மேவிஸ். வெளியில நின்னு கத்தி என்ன ஆகப்போகுது?"

மேவிஸுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுவாரமே நல்ல கோட்டாகப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அவளைக் கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரக் குழுவில் போட்டார்கள். கழிப்பறைப் பேச்சை எடுத்தால், "அது பரிசீலனையில இருக்கு" என்று ராலண்ட் அடுத்த விஷயத்துக்குத் தாவினார். உறுப்பினராகிவிட்டதால் பொதுமக்கள் நேரத்தில் எழுந்து கேட்கவும் வழியில்லை. தீர்மானம் கொண்டுவரலாமென்றால் அதை வழிமொழிய இன்னோர் உறுப்பினர் வேண்டும்; அவள் பக்கம் ஒருவரும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பப்பில் கெய்த் அவள் முன்னால் கோப்பையை வைத்தான்.

"உன்னை கோ-ஆப்ட் பண்ணிட்டாங்களாமே."

"ஆமா. ஒருத்தர்கூட எதிர்க்கல."

"எதிர்க்க மாட்டாங்கதான். அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு தெரியுமா? எதிர்த்து நிக்கிற ஆளை உள்ள இழுத்துப் போட்டு, டீயும் பிஸ்கட்டும் குடுத்து வாயை அடைக்கிறது. ராலண்ட் இதே மேசையில உக்காந்துதான் சொன்னாரு, 'அவளை கோ-ஆப்ட் பண்ணியாச்சு, இனி தொல்லை இல்ல'ன்னு. எந்த அர்த்தத்துல சொன்னாருன்னு அவர் சிரிச்ச சிரிப்பே சொல்லுச்சு."

மேவிஸ் கோப்பையைத் தொடாமல் எழுந்து போனாள். ஆற்றோரம் நடக்கும்போது முகம் சுட்டது. ராஜினாமா செய்துவிடலாமா என்று நினைத்தாள். செய்தால் அந்த ஆள் இன்னொரு தடவை சிரிப்பான். பாலத்தில் நின்று யோசித்தபோது வேறொன்று புரிந்தது. நேற்றுவரை அவளைச் சேர்க்கலாமா என்று அவர்கள் கைதூக்கினார்கள். இனி யாரைச் சேர்ப்பதென்றாலும் அவள் கையும் எழும்.

அதற்குப்பின் அவள் கூட்டங்களில் விளக்கைப் பற்றி மட்டுமே பேசினாள். சிவப்பா, மஞ்சளா, தேவாலயத்துக்கு எதிரே எத்தனை சரம் என்று விலாவாரியாகப் பேசினாள். ராலண்டுக்கு மனம் குளிர்ந்துபோனது.

இலையுதிர் காலத்தில் ஓர் உறுப்பினர் ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்தார். இன்னொருவர் முழங்கால் வலியென்று விலகினார்.

"ரெண்டு இடம் காலி. விண்ணப்பம் ஒண்ணும் வரலையே" என்றார் ராலண்ட்.

"கெய்த்தும் டோரீனும் இருக்காங்களே" என்றாள் மேவிஸ். "பின்னாடி உக்காந்து மேசையைத் தட்டுறதுக்கு, உள்ள வந்து என்கூட விளக்குக் கட்டட்டும்."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. ராலண்ட்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். ஒருமுறை பலித்த வைத்தியம்தானே. முதலில் உயர்ந்த கை அவருடையது.

அடுத்த கூட்டத்தில் மேவிஸ் எழுந்து நின்றாள். "கழிப்பறையைச் சரிபண்ணித் திறக்கணும்னு தீர்மானம் கொண்டுவரேன்." டோரீன் வழிமொழிந்தாள்.

ராலண்டின் முகம் மாறியது. "இது பரிசீலனையில..."

"பரிசீலிச்சாச்சு. ஓட்டுக்கு விடுங்க."

மூன்று கைகள் எழுந்தன. ஏழு பேர் கொண்ட கவுன்சிலில் அது போதாது. ராலண்டின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அப்போது, வருஷக்கணக்காக ராலண்ட் சொன்னபடியே கைதூக்கிவந்த கிழவர் ஹெக்டர் தொண்டையைச் செருமினார்.

"என் வயசுல, வீட்டுலேருந்து கடைக்குப் போய்த் திரும்புறதுக்குள்ள என்ன பாடுன்னு உனக்குத் தெரியாது ராலண்ட். தபாலாபீஸ் சுவருக்குப் பின்னாடி ஒதுங்குறப்ப எல்லாம் உன்னைத்தான்யா நெனச்சுக்குவேன்."

சொல்லிவிட்டு நிதானமாகக் கையைத் தூக்கினார். கெய்த் மேசையைத் தட்டினான். இந்த முறை உறுப்பினர்கள் மேசையை.

பனி விழத் தொடங்கியபோது கழிப்பறை திறந்தது. ரிப்பன், பேச்சு ஒன்றுமில்லை. மேவிஸ் கதவைத் திறந்துவைத்துவிட்டு நின்றாள். மத்தியான பஸ் வந்து திரும்பியது. இளம் ஓட்டுநர் ஒருத்தி இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே ஓடினாள். வெளியே வந்தபோது கூடியிருந்த மொத்த ஊரும் கைதட்டியது. அவள் மிரண்டுபோய் மேவிஸைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றாள் மேவிஸ். "நீ போய் நிம்மதியா வண்டிய எடு."