கொழுந்தனுக்கென்று சொன்ன வண்டி

என் கணவர் இறந்து, வந்திருந்த ஆட்கள் இன்னும் கலையாத ஒரு மதியம், கொழுந்தனிடம் நானே வாய்விட்டுச் சொன்னேன்: "உங்கண்ணன் வண்டிய நீ எடுத்துக்கப்பா. எனக்கு எதுக்கு?"

அப்போது அதில் பொய் இல்லை. கொட்டகையில் நின்ற அந்த நாலு சக்கர பைக்கை என்னால் ஏறிட்டுக்கூடப் பார்க்க முடியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கட்டும் அண்ணி. பழப் பறிப்பு முடியட்டும், வந்து எடுத்துக்கறேன்" என்றான். நான் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டையில் திரிந்தவன். அந்த வண்டி வீட்டுக்கு வந்த அன்று அண்ணனைவிட அதிகம் துள்ளியவனும் அவன்தான்.

எங்கள் தோட்டம் சரிவில் இருக்கிறது. மேலே தண்ணீர்த் தொட்டி, நடுவில் பழமரங்கள், கீழே வீடு. கூடை இறக்க, உரமூட்டை ஏற்ற, தொட்டியைப் பார்த்துவர எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். கரடுமுரடான பாதையில் வேறு எதுவும் ஏறாது. பழைய வண்டி. அவர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். வேளாவேளைக்கு உபசாரம் நடந்தால்தான் அசையும், சின்னக் குறை வைத்தாலும் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும் என்பார். விடுமுறை நாட்களில் கையெல்லாம் கிரீஸோடு சமையலறை வாசலில் வந்து நிற்பார். "மாப்பிள்ளை சமாதானமாயிட்டார். வா, நீ ஓட்டு. நான் பக்கத்துல நடந்து வரேன்."

நான் போனதில்லை. ஒரே ஒரு தடவை போனேன். முற்றத்தைத் தாண்டுவதற்குள், "கட்டைவிரலப் பாரு. ஆக்சிலேட்டர அழுத்தாத, தடவு. உடம்ப ஏன் மரக்கட்டையாட்டம் வெச்சிருக்க?" என்று பத்துத் திருத்தம். தங்கமான மனுஷன். ஆனால் நான் வெங்காயம் நறுக்கினால்கூடக் கத்தியைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லாமல் இருக்கமாட்டார். இறங்கி, வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அதன்பின் எத்தனை கூப்பிட்டும் வேலை இருந்துகொண்டே இருந்தது.

தூக்கத்திலேயே போய்விட்டார்.

கொழுந்தனுக்குக் கொடுக்குமுன் ஒருதரம் பார்க்கச் சொல்லலாமென்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஊரில் எல்லாரும் அவரை ஸ்பேனர் என்பார்கள். கார்புரேட்டரைக் கழற்றி என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாருங்கக்கா. பெட்ரோல் பிசினாயிடுச்சு. கடைசியா எப்ப ஸ்டார்ட் பண்ணீங்க?"

"நான் ஏங்க அதெல்லாம் பண்றேன்?"

"சும்மா உக்காந்திருந்தா யாரா இருந்தாலும் கெட்டுத்தான் போவாங்க. தம்பி கையில குடுக்கற வரைக்கும் வாரம் ஒருதரம் ஓட்டி வைங்க."

"நானா?"

"பின்ன, நானா வந்து ஓட்டுவேன்? என் பொண்டாட்டி சந்தேகப்படுவா." டாங்குக்கு அடியில் இருந்த பெட்ரோல் டேப்பைக் காட்டினார். "கிளம்பும்போது திறக்கணும், நிறுத்தினதும் மூடணும். மூடினது ஞாபகமில்லாம ஓட்டினா கொஞ்ச தூரம் போய்த் தானா நின்னுடும். பயந்துடாதீங்க. கார்புரேட்டர் கிண்ணத்துல இருந்தது தீர்ந்திருக்கும், அவ்ளோதான்."

முதல் வாரம் முற்றத்தைச் சுற்றினேன். அடுத்த வாரம் முதல் வரிசை மரங்கள் வரை. அவருடைய ஹெல்மெட் எனக்குத் தொளதொளவென்றிருந்ததால் தலைக்குத் துண்டு கட்டி மாட்டிக்கொண்டேன். யாரும் திருத்தாதபோது கட்டைவிரலுக்குத் தானாகவே பதம் தெரிந்தது. ஏற்றத்தில் எழுந்து நின்று முன்னால் சாய வேண்டும் என்பதை உடம்பே கண்டுபிடித்தது. ஒரு நாள் தொட்டிவரை ஏறிவிட்டேன். இன்ஜினை நிறுத்தியபோது ஒரு சத்தம் கேட்டது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன், வாய்விட்டு, ஒற்றையாக.

இந்த மனுஷன் கூப்பிட்ட காலமெல்லாம் வராதவள், அவர் போனபின் அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சிரிக்கிறேன். அதைவிட மோசமான ஒன்றும் தோன்றியது. அவர் இருந்திருந்தால் இதை நான் கற்றுக்கொண்டிருக்கவே மாட்டேன். நினைத்த மாத்திரத்தில் அவருக்கு ஏதோ துரோகம் செய்ததுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து அவர் சட்டைகளையெல்லாம் எடுத்து மறுபடி மடித்து வைத்தேன். அடுத்த வாரம் மறுபடி போனேன்.

பறிப்பு முடிந்தது. கொழுந்தன் புதுக் கையுறை வாங்கிக்கொண்டு வந்தான்.

அவன் வருவதற்கு முன் வண்டியைத் துடைத்து, இன்ஜினைச் சூடாக்கி, தயாராக வைத்திருந்தேன். அது நிஜம். அவன் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் குனிந்து டேப்பை மூடினேன். அதுவும் நிஜம். முற்றத்தில் ரெண்டு சுற்று வருவான், நின்றுவிடும், இது தேறாது அண்ணி என்று விட்டுவிட்டுப் போவான். என் கணக்கு அவ்வளவுதான்.

"எல்லாம் சரியா இருக்கா அண்ணி?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவன் முற்றத்தைச் சுற்றவில்லை. நேராக ஏற்றத்துக்குத் திருப்பினான். நான் கையை உயர்த்தினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து அவனும் கையசைத்தான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பான். மரங்களுக்கு மேலே சத்தம் போய்க்கொண்டே இருந்தது, திடீரென்று அறுந்தது. பிறகு வண்டி பின்னால் உருண்டு விழும் ஓசை.

ஓடினேன். வண்டி ஒருக்களித்துக் கிடந்தது. அவன் குதித்துத் தப்பியிருந்தான், ஆனால் மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. முகம் வெளுத்துப்போய், "வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே அண்ணி?" என்றான்.

"பெட்ரோல் ஒழுகுதான்னு பாக்கறேன்" என்று அவனைத் தாண்டிப் போய், முதலில் டேப்பைத் திறந்துவைத்தேன். பிறகுதான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாவுக்கட்டோடு அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது என் ஓர்ப்படி, அவன் மனைவி, வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டாள். "தலை நரைச்ச காலத்துல சர்க்கஸ் கேக்குதோ? உங்கண்ணன் ஓட்டினார்னா அவர் ஓட்டத் தெரிஞ்சவர்."

"ஏத்தத்துல ஆக்சிலேட்டர விட்டுட்டேன் போல" என்றான் அவன். "அண்ணன் எத்தனை தடவ சொல்லியிருக்கார். அவர் இத்தனை வருஷம் காப்பாத்தினத நான் ஒரே நாள்ல கவுத்துட்டேன். எனக்கு வேணாம் அண்ணி. உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவன் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். அண்ணனுக்காகக்கூட அவன் எங்கள் முன் அழவில்லை.

நான் விரும்பியது கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து கொட்டகையில் அதன் பக்கத்தில் நின்றேன். சீட்டில் கை வைக்க முடியவில்லை. மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போனேன். ஓர்ப்படி கடைக்குப் போயிருந்தாள்.

"நீ எதையும் விடல. பெட்ரோல் டேப்ப நான்தான் மூடி வெச்சேன்."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "ஏன் அண்ணி?"

"வண்டி எனக்கு வேணும்னு."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"தெரியும். எதுக்குன்னும் கேட்டிருப்ப. ஓட்டப் பிடிச்சிருக்குன்னு சொல்லணும். உங்கண்ணன் போய் வருஷம்கூடத் திரும்பல. எனக்கு ஒண்ணு பிடிச்சிருக்குன்னு எந்த வாயால சொல்றது?"

அவன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நேத்து ஸ்பேனர் வந்து வண்டிய கீழ இறக்கினப்போ டேப்பு திறந்துதான் இருந்துச்சுன்னாரே" என்றான்.

"நீ கீழ கெடந்தப்போ திறந்தேன்."

கை உடைந்தபோதுகூட அவன் முகம் அப்படி ஆகவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வேண்டாம் என்பதுபோல நல்ல கையை உயர்த்தினான்.

"வண்டிய நாளைக்கு எடுத்துக்கறேன்" என்றான்.

மறுநாள் ஒரு பிக்கப் வேனுடன் வந்தான். டிரைவர் பின்பக்கத்தில் ரெண்டு பலகைகளைச் சாய்த்துவிட்டு வண்டியையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இத நான் ஏத்தமாட்டேன் சார். என் இடுப்பு ஏற்கெனவே சரியில்ல."

கொழுந்தன் தன் மாவுக்கட்டைப் பார்த்தான். ஸ்பேனருக்கு ஆள் அனுப்பலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சாவி என் கையில்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். சக்கரங்களைப் பலகைக்கு நேர் வைத்து, எழுந்து நின்று, முன்னால் சாய்ந்தேன். கட்டைவிரலை அழுத்தாமல் தடவினேன். ஒரே சீராக ஏறி, முன்சக்கரம் தடுப்பைத் தொட்டதும் பிரேக்கைப் பிடித்தேன். அந்த ஒரு நொடியும் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க முடியவில்லை.

"அக்கா பின்னிட்டாங்க சார்" என்றார் டிரைவர்.

நான் வண்டி ஓட்டிக் கொழுந்தன் பார்த்தது அதுதான் முதல்முறை. கயிற்றை ஒற்றைக் கையால் சக்கரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையை என் பக்கம் நீட்டினான்.

"இழுங்க" என்றான். அண்ணி என்று சொல்லவில்லை.

நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவன் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டான்.