பதினான்காம் எண் கேசட்

பதினான்காம் எண் கேசட் முதல் பெட்டியிலேயே கிடைத்துவிட்டது. ஃபெமினா அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, மற்றப் பெட்டிகளையும் கட்டிலில் கவிழ்த்துத் தேடுவதுபோல் நேரம் கடத்தினாள். மூன்று மணிக்கு அடக்க ஜெபத்துக்கு ஃபாதர் வந்துவிடுவார். ஹாலில் அப்பாவை வைத்திருந்த ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாட்கள் தூங்காதது அவள் கண்ணில் மணல்போல் உறுத்தியது.

"கெடச்சுதா அம்மணி?" அம்மா அற்புதம் வாசற்படியில் நின்றாள். "அப்பாவுக்குப் பிடிச்சதச் சட்டப் பையில வெச்சு அனுப்போணும்."

"பாக்கறேம்மா."

"ஏதோ ஒண்ண எடு ஃபெமி. எல்லாம் ஒரே கத்தல்தானே," என்றான் அண்ணன் ஜெப்ரி.

"இத உங்கப்பன் கேட்டிருந்தா ஊட்ட உட்டே வெரட்டியிருப்பான் கண்ணு," என்றபடி ஆஸிம் மாமா உள்ளே வந்தார். உக்கடத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவர். அப்பா பாக்கியசாமி சிங்காநல்லூர் மில்லில் ஃபிட்டராக இருந்த காலத்தில், லண்டனிலிருந்து வந்த பங்க் ராக் இசைத்தட்டுகளை அவருக்குப் பதிந்து கொடுத்தது இவர்தான்.

"பங்க்னா எழுபத்தாறு, எழுபத்தேழு வருசத்துப் பாட்டு, தப்பு வந்தாலும் பயப்படாம வாசிக்கற பசங்க, அவ்ளோதாம்பான். அப்புறம் வந்த நியூ வேவ் எல்லாம் அதே பசங்க தல சீவிப்போட்டு வந்து நிக்கறாங்கம்பான். நான் நியூ வேவ் கட்சி. கீபோர்டு இல்லாம அதென்றா பாட்டும்பேன். ஒரு வாரம் எங்கூடப் பேசமாட்டான்."

அம்மா லேசாகச் சிரித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினாலாம் நம்பர வெச்சு அனுப்புங்க தங்கச்சி. அதுல பி பக்கம் மொதப் பாட்டுக்கு உசுரையே உடுவான்."

ஃபெமினா பயந்ததும் அந்தப் பாட்டுக்குத்தான். நான்காம் வகுப்பில், பேச்சுப் போட்டிக்கு முன்னால் தன் குரல் எப்படி இருக்கிறதென்று கேட்க, டேப்ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தாள். உள்ளே இருந்தது அந்தக் கேசட். மழைநீர் சேகரிப்பு, மூன்று நிமிடம்; அவ்வளவு பாட்டும் அழிந்துபோனது. பிறகு அதை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று பதினாலு வருடம் இருந்துவிட்டாள். போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சொல்ல வாயெடுத்தாள். டிரிப்ஸ் மாற்ற நர்ஸ் வந்துவிட்டார்.

மற்றவர்கள் ஹாலுக்குப் போனதும் கேசட்டை வெளியே எடுத்தாள். பாழானதைக் கொடுத்து அனுப்புவதா, பிடித்ததைக் கொடுக்காமலே அனுப்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதைச் செய்தாலும் தப்பாகத்தான் பட்டது.

ஒவ்வொரு கேசட்டின் உள்ளட்டையிலும் அப்பா தன் கருத்தைப் பென்சிலால் எழுதிவைப்பார். மனம் மாறினால் அழிக்கமாட்டார், வருடம் போட்டு அடுத்த வரியில் திருத்துவார். இந்த அட்டையை மட்டும், தன் பேச்சைப் பதிந்த நாளுக்குப் பின் அவள் திறந்ததில்லை; இப்போது பிரித்தாள்.

'1987: ஏ பக்கம் நெருப்பு. பி பக்கம் மொதப் பாட்டு அதுக்கும் மேல. அப்புறம் டிரம்ஸ்காரன் களைச்சுட்டான்.'

'1999: தப்பாச் சொல்லிட்டேன். களைப்பு இல்ல. கோவத்த அடக்கி வாசிக்கறான்.'

'2011: பி பக்கம் மொதப் பாட்டு போச்சு. அந்த எடத்துல ஒரு புள்ள மழத்தண்ணி சேத்தறதப் பத்திப் பேசுது. நாலு எடத்துல தடுக்குது. நிக்காமப் போயிட்டே இருக்குது. பங்க்.'

கடைசி வரியில் எழுத்து நடுங்கியிருந்தது. '2025: மறுக்காக் கேட்டேன். மாத்த ஒண்ணுமில்ல.'

கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பி பக்கத்தில் நாடா கொஞ்ச தூரம்தான், ஒரு மூன்று நிமிட அளவு, ஓடி நின்றிருந்தது.

"ஃபெமி, ஃபாதர் வந்துட்டாரு," என்றான் ஜெப்ரி.

"வாரேன்."

கட்டிலில் கேசட்டுகளோடு கிடந்த அப்பாவின் பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்து, நாடாவைப் பி பக்கத்தின் தொடக்கத்துக்குச் சுற்றினாள். அட்டையைத் திரும்ப மடித்து உள்ளே வைத்தாள்.

ஹாலில் யாரோ ஃப்ரீசரின் சுவிட்சை அணைத்தார்கள். வீடு சட்டென்று அடங்கியது. ஜெப்ரி கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஃபெமினா குனிந்து, கேசட்டை அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள். பிறகு அதை வெளியே எடுத்து, பி பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வைத்தாள்.