400ஆம் நெடுஞ்சாலையில் இரண்டு சகலன்மார்

மினிவானுக்குள் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் மூத்த அத்தான் இராஜரட்ணம். பக்கத்து சீற்றில் நான், துஷாந்த், இரவு வேலை முடிந்து படுக்காமல் வந்தவன். எனக்குப் பின்னால் சின்ன அத்தான் இரத்தினவேல், அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி, என் சின்னக்கா இராஜேஸ்வரி. கடைசி வாங்கில் மூத்த அத்தானின் மனைவி, பெரியக்கா மங்கையற்கரசி, அவள் மகள் நிலாணி, சின்னக்காவின் ஆறு வயது மகன் பிரவீனன். பின்னால் கொளுவியிருந்த ட்ரெய்லரில் ஆட்கள் இல்லை. பிள்ளையார் படம் ஒன்றும் சமையல் சாமான்களும் இருந்தன.

அத்தான்மார் இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. நிலாணி பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டுக்கு மூத்த அத்தான் கார்டைத் தபாலில் அனுப்பியிருந்தார். அஜின்கோர்ட்டிலிருந்து சின்ன அத்தானின் வெக்ஸ்போர்ட் வீட்டுக்கு என்ன தூரம்? காரில் பத்து நிமிடம். நேரில் வந்து வீட்டில் சொல்லாத கொண்டாட்டத்துக்கு நான் ஏன் போகவேண்டும் என்று சின்ன அத்தான் போகவில்லை. சொந்தச் சகலனே வராமல் சபையில் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டான் என்றார் மூத்த அத்தான். அதோடு முடிந்தது.

அந்த வசந்தத்தில் சின்ன அத்தான் ஒரு பழைய ட்ரெய்லர் வாங்கினார். சின்னது, இரண்டு கட்டில், ஓர் அடுப்பு. அவருடைய காருக்கு அதை இழுக்கச் சக்தியில்லை. மூத்த அத்தானிடம் மினிவான் இருந்தது. ஓகஸ்ட் லோங் வீக்கெண்டுக்கு வடக்கே ஒரு பார்க்கில் எல்லாரும் காம்பிங் போவது என்று அக்காமார் முடிவு செய்தார்கள். வான் ஒருவரிடம், ட்ரெய்லர் மற்றவரிடம். பேசாமல் எப்படிப் போவார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. தூதுபோக நான் இருப்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. நான் கொலிஜை விட்டவன், பகலில் எந்த நேரமும் கூப்பிடலாம்.

காலையில் வெக்ஸ்போர்ட் வீட்டு டிரைவ்வேயில் வானைப் பின்னுக்கு எடுத்து ட்ரெய்லரோடு பொருத்த அரை மணித்தியாலம் பிடித்தது. சின்ன அத்தான் கொளுக்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கொஞ்சம் இடப்பக்கம் வெட்டச் சொல்லு என்று என்னிடம் சொல்வார். திறந்த கண்ணாடி வழியாக அது மூத்த அத்தானுக்குத் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் நான் போய்ச் சொல்லும்வரை அவர் ஸ்டியரிங்கைத் திருப்பமாட்டார்.

“மாமா, யு ஆர் லைக் த போஸ்ட்மேன்,” என்றாள் நிலாணி.

“தபாலைப் பற்றிக் கதையாதை,” என்றேன்.

சாமான் ஏற்றும்போதுதான் உண்மையான சண்டை வந்தது. பாரத்தைச் சில்லுகளுக்கு முன்பக்கமாக வைக்கவேண்டும் என்று ட்ரெய்லரை விற்ற வெள்ளைக்காரன் சின்ன அத்தானுக்குச் சொல்லியிருந்தான். பின்னுக்குப் பாரம் கூடினால் ஓட்டத்தில் வால் ஆடத் தொடங்கும். ஆட்டம் பிடித்தால் வானையும் சேர்த்துப் பிரட்டிவிடும். ஆனால் முன்கட்டிலின் மேலே பெரியக்கா பிள்ளையார் படத்தை மாட்டியிருந்தாள். ஆட்டிறைச்சி ஊறிய கூலரை அதற்குக் கீழே வைக்க அவள் விடவில்லை. இறைச்சி பின்னுக்குப் போனது. அதோடு அரிசி மூட்டையும், கிடாரமும், தண்ணீர்க் கான்களும் போயின.

படத்தைப் பின்னுக்கு மாற்றுவோம் என்றார் சின்ன அத்தான்.

“பிள்ளையாரைப் பின்னுக்குக் கொண்டுபோய் வைக்கிறதோ?” என்றாள் பெரியக்கா.

சின்ன அத்தான் என்னிடம் திரும்பினார். இப்படியே போனால் எல்லாரும் சாவோம் என்று உவருக்குச் சொல்லு என்றார். இன்னொன்றும் சொன்னார். டாஷ்போர்டுக்குக் கீழே, கதவுப் பக்கமாக, வானில் புதிதாகப் பொருத்திய பெட்டியில் ஒரு லீவர் இருக்கிறது. அதைத் தள்ளினால் ட்ரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும். ஆடத் தொடங்கினால் கால் பிரேக்கைத் தொடக்கூடாது, அதைத்தான் தள்ளவேண்டும்.

நான் போய்ச் சொன்னேன். மூத்த அத்தான் அந்தப் பெட்டியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“கிளிநொச்சியிலையிருந்து நெல் லொறி ஓடினவன் நான் எண்டு சொல்லு.”

401ஆம் நெடுஞ்சாலையில் ஒன்றும் நடக்கவில்லை. நெரிசல், ஊர்ந்துதான் போனோம். 400இல் ஏறி வடக்கே திரும்பியதும் பாதை விட்டது. மூத்த அத்தான் அழுத்தினார். எனக்குக் கண் சொருகியது. அரைத்தூக்கத்தில் என் சீற் மெதுவாக இடமும் வலமும் போவதை உணர்ந்தேன். தொட்டில் மாதிரி இருந்தது. அது என்னவென்று புரிந்ததும் தூக்கம் போய்விட்டது.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ட்ரெய்லரின் ஓரம் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

“தொண்ணூறுக்கு மேலை ஓடவேண்டாம் எண்டு சொல்லு,” என்றார் சின்ன அத்தான். குரல் மெல்லியதாக இருந்தது.

சொன்னேன். வேகமுள் நூற்றுப்பத்தில் நின்றது. மூத்த அத்தான் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே அப்படியே ஓடிவிட்டு, பிறகு காலைச் சற்றுத் தளர்த்தினார். தானாக நினைத்துத் தளர்த்தினது மாதிரி. ஆட்டம் குறைந்தது. சின்னக்கா ஏதோ தேவாரம் முணுமுணுத்தாள்.

ஹொலண்ட் மார்ஷுக்கு இறங்கும் சரிவில் முள் மறுபடி ஏறியது. கீழே கறுத்த மண், மரக்கறி வரிசைகள். இடப்பக்கத்தால் ஒரு பெரிய ட்ரக் எங்களைத் தாண்டியது. அதன் காற்று முதலில் எங்களைத் தள்ளியது, பிறகு இழுத்தது. ட்ரெய்லரின் வால் வெளியே போனது. திரும்பி வந்து மற்றப் பக்கம் இன்னும் தூரம் போனது. வானின் பின்பக்கத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்து உலுப்புவது போலிருந்தது. கடைசி வாங்கில் நிலாணி கத்தினாள்.

மூத்த அத்தான் பிரேக்கை மிதித்தார். வான் குறைந்தது. ட்ரெய்லர் குறையவில்லை, எங்களை முந்தப் பார்த்தது. என் கண்ணாடியில் இப்போது அதன் முழுப் பக்கமும் தெரிந்தது, ஜன்னல், கதவு, எல்லாம். டயர் கருகும் மணம் வந்தது.

“துஷாந்த், உவருக்குச் சொல்லு...” என்றார் சின்ன அத்தான். அதோடு நிறுத்தினார்.

மூத்த அத்தானின் காலைப் பார்த்தேன். அது பிரேக்கில் அப்படியே இறுகி நின்றது. சகலன் என்ன சொல்ல வந்தார் என்பது அவருக்குத் தெரியும். காலையிலேயே கேட்டவர். ஆனாலும் அவர் கண் ஒரு கணம் என் பக்கம் வந்தது, நான் சொல்லவேண்டும் என்பதுபோல.

“அண்ணை.”

இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த சொல். சின்ன அத்தான் அதைக் கத்திச் சொல்லவில்லை.

“அண்ணை, காலை எடுங்கோ. பிரேக் வேண்டாம். நேரை பிடியுங்கோ, வெட்டாதேங்கோ.”

கால் எழும்பியது.

“இப்ப லீவர். மெல்லத் தள்ளுங்கோ.”

மூத்த அத்தானின் இடக்கை ஸ்டியரிங்கை விட்டுக் கீழே போய்த் தடவியது. எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வானின் முன்பக்கம் பாதையோரச் சல்லிக்கல்லில் ஏறி இறங்கியது.

“முழங்காலுக்கு மேலை. கதவுப் பக்கம். அதுதான்.”

பின்னாலிருந்து யாரோ சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தது போல வான் இழுபட்டது. ட்ரெய்லர் ஒருமுறை ஆடியது. இன்னொருமுறை, சின்னதாக. பிறகு எங்களுக்குப் பின்னால் நேராக வந்தது.

“டாட், அகெய்ன் செய்வமா?” என்று பிரவீனன் கேட்டான். சின்னக்கா பின்னால் திரும்பி அவன் தொடையில் ஒன்று போட்டாள்.

அடுத்த வெளிவழியால் இறங்கி ஒரு காஸ் ஸ்டேஷனின் பின்வளவில் நிறுத்தினோம். மூத்த அத்தான் இறங்கி, வானின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பெரியக்கா ஓரமாகக் குனிந்து சத்தி எடுத்தாள்.

சின்ன அத்தான் ட்ரெய்லரைத் திறந்தார். கிடாரம் அடுப்புக்கு மேல் கிடந்தது. கூலர் மூடி கழன்று இறைச்சித் தண்ணீர் நிலமெல்லாம் ஓடியிருந்தது. அவர் நேராகப் போய்ப் பிள்ளையார் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து பெரியக்காவின் கையில் கொடுத்தார். மடியில் வைச்சிருங்கோ மச்சாள் என்றார். அவள் மறுபேச்சில்லாமல் வாங்கினாள்.

பிறகு அரிசி மூட்டையை இழுத்தார். நான் உதவிக்கு ஏறப்போனேன். மூத்த அத்தான் என்னைத் தோளில் பிடித்து விலக்கிவிட்டு உள்ளே ஏறினார். மூட்டையின் மற்ற மூலையைப் பிடித்தார். அந்த இடுக்கில் இருவரும் முட்டி மோதி அரிசி, கிடாரம், தண்ணீர், கூலர் எல்லாவற்றையும் முன்னுக்கு நகர்த்தினார்கள். ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

சின்ன அத்தான் முதலில் இறங்கினார், சாவியோடு. மூத்த அத்தான் உள்ளே நின்று எல்லாவற்றையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். சேர்ட்டெல்லாம் இறைச்சித் தண்ணீர். என்னைப் பார்த்தார்.

“பூட்டச் சொல்லு.”

சின்ன அத்தான் இரண்டடி தூரத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரும் என்னைப் பார்த்தார்.

நான் சொல்லவில்லை. சொல்வதாக இல்லை. ஹைவேயில் வாகனங்கள் போகும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நிலாணி வான் ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்தாள். மூத்த அத்தான் காத்துப் பார்த்தார். பிறகு செருமினார்.

“பூட்டும்,” என்றார், சகலனைப் பார்த்து.

சின்ன அத்தான் அவருக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். பூட்டுப்பட்டதா என்று பிடியை ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.