இரண்டு சகலைகள், இரண்டு வக்கீல்கள்

நீதிமன்றத்தில் அவளை எல்லோரும் வெண்கலம் என்றுதான் சொல்வார்கள். பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் வராந்தாவின் ஒரு கோடியில் நின்று அவள் "வணக்கம்" என்றால், மறுகோடியில் தூங்கி வழிந்துகொண்டிருக்கும் காவலாளி எழுந்து நின்றுவிடுவான். அப்படிப்பட்ட குரல். வாதாடும்போது அது அவளுக்குச் சொத்து. காவல் நிலையத்தில் மட்டும் தொல்லை. போன மாதம் ஒரு ஸ்டேஷனில், பிடித்து வைத்திருந்த ஒருவனிடம் "வக்கீலைக் கேக்காம ஒரு வார்த்தை பேசக் கூடாது, புரிஞ்சுதா?" என்று அவள் ரகசியமாகச் சொல்ல, பலகைச் சுவருக்கு அந்தப்புறமிருந்து கான்ஸ்டபிள் "புரிஞ்சுதுங்க மேடம்" என்றார். அன்றைக்கு அவள் வெட்கத்தால் கூனிக் குறுகிப் போனாள்.

இந்த மாதம் ஒரு நாள் காலையில் அவளுக்கு முறை. யாரைக் கைது செய்தாலும் ஸ்டேஷனிலிருந்து சட்ட உதவி மையத்துக்குப் போன் செய்தாக வேண்டும். மையம் அன்றைய முறை வக்கீலை அனுப்பி வைக்கும். பிடிபட்டவர் காசு எதுவும் தர வேண்டாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டிவிட்டு அவள் தலைக்குச் சீப்பு வைத்த நேரத்தில் போன் அடித்தது. மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்தான். வருடக்கணக்காகப் பேசியும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"அக்கா, லாண்டரி கடைக்காரங்க ரெண்டு பேர். சகலைங்க. கடை இருக்கிற கட்டடத்துக்காரரோட கார் கண்ணாடிய உடைச்சுட்டாங்களாம். இதுல வேடிக்கை என்னன்னா, ரெண்டு பேருமே நான்தான் உடைச்சேன்ங்கிறாங்க."

"சேந்து உடைச்சாங்களா?"

"அதான் இல்ல. நான் மட்டும்தான்னு ஆளாளுக்கு அடம்பிடிக்கிறாங்க."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவளைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். கெட்டவர் இல்லை, மேஜை நிறைய வழக்குகளை வைத்துக்கொண்டு எதை முதலில் தொலைக்கலாம் என்று பார்க்கிறவர்.

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க மேடம். நீங்க ரெண்டு பேர் பக்கத்துலயும் ஒரு நிமிஷம் உக்காந்தீங்கன்னா எழுதி முடிச்சிடலாம்."

"உக்கார்றது இருக்கட்டும் சார். எந்தக் கண்ணாடி? எதால உடைஞ்சுது?"

"பின்கண்ணாடி. சீட்டு மேல கல்லு கெடக்கு."

"உடைச்சதை யார் பார்த்தா?"

"நேர்ல யாரும் பார்க்கல. முந்தின நாள் வாடகை விஷயமா சண்டை. இவங்களைத் தவிர வேற யாருன்னு கட்டடக்காரர் கேக்கறார்."

மூத்த சகலையை முதலில் பார்த்தாள். ஆவியில் வெந்து சிவந்த கைகள். பெஞ்சின் நுனியில், எந்த நிமிடமும் எழுந்து ஓடிவிடுபவர் போல உட்கார்ந்திருந்தார்.

"வக்கீல் எல்லாம் வேணாம்மா. வந்தா நேரமாகும்னாங்க. எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன். மெஷின்ல ஈரத்துணி அப்படியே கெடக்கு."

தொண்டையை எவ்வளவு அடக்க முடியுமோ அவ்வளவு அடக்கிக்கொண்டு அவள் கேட்டாள். "சரி, எழுதலாம். எதால அடிச்சீங்க?"

"கம்பியால."

"எந்தக் கண்ணாடி?"

"முன்னாடி கண்ணாடி. ஒரே போடு."

"உடைஞ்சது பின்னாடி கண்ணாடிங்க."

அவர் அவளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "அப்போ... பின்னாடின்னு எழுதிக்கங்க."

அவளுக்குச் சிரிப்பை அடக்குவது குரலை அடக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. "அண்ணே, நீங்க எங்கிட்ட சொல்றது எங்கேயும் போகாது. நெஜத்தைச் சொல்லுங்க. யாரை மறைக்கிறீங்க?"

பெரியவர் உடைந்துவிட்டார். காலையில் பின்வாசல் வழியாகச் சகலை உள்ளே ஓடி வந்தானாம். கையில் ரத்தம். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டானாம்.

"அவன் கோவக்காரன் இல்லம்மா. ஆனா அந்த ஆளு நேத்து தெருவுல வச்சு அவனை அவ்வளவு கேவலமா பேசினான். என் மச்சினிக்கு நிறைமாசம். இந்த நேரத்துல இவன் உள்ள போனா அந்தப் பொண்ணு தாங்குமா? நான் போனா என் பொண்டாட்டி சமாளிச்சுக்குவா. அவ என்னையே சமாளிச்சவ."

அப்போது கதவைத் திறந்து கான்ஸ்டபிள் தலையை நீட்டினார். "மேடம், சின்னவரு வக்கீல் வேணாங்கிறாரு. நீங்களே ஒரு வார்த்தை சொன்னா சரியாப் போயிடும்."

அடுத்த அறைக்கும் இதற்கும் நடுவே இருந்தது வெறும் பலகை. அவள் தன் இயல்பான குரலில் ஒரே ஒரு தரம், "நீங்க உடைக்கலன்னு சொல்றீங்களா அண்ணே?" என்று கேட்டால் போதும். சின்னவன் காதில் விழுந்துவிடும். எல்லா முடிச்சும் அவிழ்ந்தாலும் அவிழும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் தன்னை நம்பிச் சொன்னதைச் சுவர் தாண்டிக் கசியவிட அவளுக்கு உரிமை இல்லை. சின்னவன் நிஜமாகவே உடைத்திருந்தால்? அவனைக் காப்பாற்ற ஒரு வக்கீல் வேண்டும், இவரைக் காப்பாற்ற வேறொரு வக்கீல் வேண்டும். நாற்காலியைத் தூக்கி எதிர்மூலையில் போட்டுக்கொண்டு, இன்னும் குரலைத் தாழ்த்தினாள்.

"பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லாதீங்க. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லாதீங்க. உங்க சகலைய அவரோட வக்கீல் பார்த்துக்குவார்."

"அவனுக்கு ஏதும்மா வக்கீல்?"

"வர வைக்கிறேன்."

இன்ஸ்பெக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரு கண்ணாடிக்கு ரெண்டு வக்கீலா? அவன்தான் வேணாங்கிறானே!"

"அதை மையத்துக்கு அவர் வாயாலேயே சொல்லட்டும் சார்."

போனைச் சின்னவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மையத்துப் பெண் அவனிடம் நிதானமாகப் பேசினாள். வக்கீல் கேட்பதால் குற்றவாளி என்று ஆகிவிடாது. ஒத்துக்கொள்வதாக இருந்தாலும் கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளலாம். வீட்டில் யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா, தம்பி? அந்தக் கடைசிக் கேள்வியில் அவன் அழுதுவிட்டான். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எனக்கும் வக்கீல் வேணும்" என்றான்.

அடுத்த வக்கீல் வேறொரு ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டிருந்தார். காத்திருப்பது லேசாக இல்லை. பெரியவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "இப்பவே ஒத்துக்கிட்டா சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாமே" என்று இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று அங்கலாய்த்தார். இரண்டு தடவை பெரியவர் மனம் ஆட்டம் கண்டது. இரண்டு தடவையும் வெண்கலம், "உக்காருங்க அண்ணே" என்றாள். அவ்வளவுதான். அவர் உட்கார்ந்தார்.

ஒருவழியாக இரண்டாவது வக்கீல் வந்தார். பூனை என்பார்கள் அவரை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். வெண்கலத்துக்கு ஒரு தலையாட்டல். நேரே சின்னவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருவரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

விசாரணை தொடங்கியது. பெரியவரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. ஆனால் வார்த்தை தடுமாறவில்லை.

"நான் உடைக்கல. யாரும் உடைச்சதை என் கண்ணால பார்க்கல. வேற எதுக்கும் பதில் சொல்ல விரும்பல."

"அப்போ ஜீப்புல வரும்போது நான்தான்னு சொன்னியே?"

"அதுக்கும் பதில் சொல்ல விரும்பலன்னுதான் சார் இப்ப சொன்னாரு" என்றாள் வெண்கலம்.

இன்ஸ்பெக்டர் அடுத்த அறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "காலையில எங்கிட்ட ரெண்டு குற்றவாளி இருந்தாங்க. இப்ப ஒருத்தன்கூட இல்ல."

"எதிர்க்கடையில கேமரா இருக்குமே சார், பார்த்தீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேரு ஒத்துக்கிட்ட பிறகு கேமரா எதுக்குன்னு விட்டுட்டேன் மேடம்."

கான்ஸ்டபிளை அனுப்பினார். அந்த ஆள் திரும்பி வந்தபோது வாசற்படியிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த போனில் படம் ஓடியது. இன்ஸ்பெக்டர், இரண்டு வக்கீல்கள், இரண்டு கான்ஸ்டபிள்கள் என்று எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு பார்த்தார்கள். கட்டடக்காரரின் கார் ரிவர்ஸில் வருகிறது. நின்றிருந்த லாரியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாயில் மோதுகிறது. கண்ணாடி பொலபொலவென்று கொட்டுகிறது. கட்டடக்காரர் இறங்கித் தலையில் கை வைக்கிறார். இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். பிறகு ரோட்டோரத்துக் கல் ஒன்றைப் பொறுக்கி, தூசியைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பின்சீட்டில் வைக்கிறார்.

"சீட்டு அழுக்காகக் கூடாதுல்ல" என்றார் பூனை. அன்று அவர் எல்லோருக்கும் கேட்கும்படி பேசியது அது ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் உடனே போனை எடுத்தார். குரலில் தேன் சொட்டியது. "சார், கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வர்றீங்களா? உங்க கார் விஷயமாத்தான். ஆமா சார், ஆளைப் பிடிச்சாச்சு."

சகலைகள் இருவரையும் ஒரே நேரத்தில் வெளியே விட்டார்கள். வராந்தாவில் நேருக்கு நேர் நின்றார்கள்.

"சகல, நீ உடைக்கலையா?"

"நீங்க உடைக்கலையா? அவன் கண்ணாடிய நொறுக்காம விடமாட்டேன்னு நீங்கதானே அண்ணே கத்துனீங்க? அதான் யாரும் பாக்கறதுக்குள்ள சில்லைப் பொறுக்கலாம்னு போயி கையக் கிழிச்சுக்கிட்டேன்."

பெரியவர் அந்தக் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அதற்குள் அவர்களுடைய மனைவிகள், அக்கா தங்கை இருவரும், வந்து சேர்ந்தார்கள். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து ஒரேயடியாகச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "ஒருத்தரையொருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று இரண்டு பேரையும் ஒரே மூச்சில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். தலையைக் குனிந்துகொண்டு, பரிசு வாங்குகிறவர்கள் போல அந்தத் திட்டை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

வெண்கலம் வெளியே வந்து வெயிலில் நின்று மையத்துக்குப் போன் செய்தாள். வழக்கமாக யாரும் அப்படிச் செய்வதில்லை. மையத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆரம்பம் மட்டும்தான் தெரியும், முடிவு தெரியாது.

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறாங்க. வழக்கே இல்ல" என்றாள்.

 மறுமுனையில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் ஓசை. "ஏய், எல்லாரும் கேளுங்க! அந்தச் சகலைங்க ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்க!" என்று மையத்துப் பெண் கத்தினாள். அதற்குப் பின்னால் அந்த அறை முழுவதும் கைதட்டியது. வெண்கலம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தட்டி ஓயும்வரை கேட்டுக்கொண்டே நின்றாள்.